மார்ச் 24 யாருடைய நாள்? இசைக் கலைஞர் கலண்டர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். வரும் ஆண்டுக்கு வன்னியில் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் கொடுப்பதற்காக நீங்கள் தயாரிக்கும் இசைக் கலைஞர் கலண்டரின் வரைவு என் கைக்கும் வந்து சேர்ந்தது. நல்ல வேலை. கடைக் கலண்டரிலும் வங்கிக் கலண்டரிலும் ராகுகாலம் பார்த்தே பழகிய எங்கள் சுவர்களில் ஒரு வருடமாவது பாட்டுக்காரர்களின் பெயர் தொங்கட்டும்.

ஆனால் வரைவின் தொடக்கத்தில் மூன்று விதிகள் போட்டிருக்கிறீர்கள். ஒரு நாளுக்கு ஒரு பெயர்தான். ஒரே திகதியில் ஒருவர் பிறந்து இன்னொருவர் மறைந்திருந்தால் மறைவைப் போட்டுவிட்டுப் பிறப்பை விட்டுவிடுவது. திகதி உறுதியாகத் தெரியாதவர்களைச் சேர்க்காமல் விடுவது. இரண்டாவது விதிக்கு மட்டும் காரணமும் எழுதியிருக்கிறீர்கள்: மங்கலத்தையும் அமங்கலத்தையும் ஒரே கட்டத்துக்குள் வைக்கக்கூடாதாம். இந்தக் காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதுவும் வன்னியில் இருந்துகொண்டு.

மார்ச் 24ஐ எடுங்கள். ரி. எம். சௌந்தரராஜன் 1922இல் பிறந்த நாள் அது. சீர்காழி கோவிந்தராஜன் 1988இல் மறைந்த நாளும் அதுதான். உங்கள் விதிப்படி சீர்காழி நிற்பார், சௌந்தரராஜன் போய்விடுவார். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் விடிய நாலரைக்குக் கூம்பு ஒலிபெருக்கி திறந்தால் முதலில் வருவது இந்த இருவரில் ஒருவருடைய குரல்தான். ஒருவர் முடிக்க மற்றவர் தொடங்குவார். முருகன் பாட்டில் யார் பெரியவர் என்று தேநீர்க் கடையில் சண்டை போட்ட ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பற்றரிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில், சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேப் றெக்கோடரை ஓடவைத்துக் கேட்ட சனம் நாங்கள். சுற்றுகிறவனுக்குக் கை சோர்ந்தால் சௌந்தரராஜனின் குரல் இழுபட்டு இழுபட்டுக் கீழே இறங்கும். உள்ளேயிருந்து "சுத்தடா, சுத்து" என்று ஒரு சத்தம் வரும். மறுபடி அவர் தன் சுருதிக்கு ஏறுவார். அப்படிக் கேட்ட மனிதரைத்தான், அவர் பிறந்த நாளில் இன்னொருவர் இறந்துவிட்டார் என்பதற்காகக் கலண்டரிலிருந்து எடுக்கப் பார்க்கிறீர்கள். அதே நாளில் 1775இல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரையும் சேர்த்துத்தான்.

இது ஒரு நாளோடு நிற்கிற பிரச்சினை இல்லை. டிசம்பர் 11 பாரதி பிறந்த நாள். எம். எஸ். சுப்புலட்சுமி 2004இல் மறைந்தது அந்த நாளில். சிதார் மேதை ரவி சங்கரும் 2012இல் அதே திகதியில்தான் போனார். உங்கள் விதிப்படி பாரதிக்கு இடமில்லை. மறைந்த இருவரில் யார் நிற்பது என்பதற்கு விதியில் பதிலும் இல்லை. சீட்டுக் குலுக்கியா போடப்போகிறீர்கள்? அக்டோபர் 31 வந்தால் இன்னும் சிக்கல்: எஸ். டி. பர்மன் 1975, எம். எல். வசந்தகுமாரி 1990, செம்மங்குடி சீனிவாச ஐயர் 2003. மூன்று மறைவு, ஒரே திகதி. ஜூன் 24 இன்னொரு மாதிரி. அங்கே மறைவே இல்லை, இரண்டு பிறப்பு. கண்ணதாசன் 1927, எம். எஸ். விஸ்வநாதன் 1928. ஒருவர் எழுத மற்றவர் மெட்டுப்போட்டு ஒரு தலைமுறையையே பாடவைத்தவர்கள், பிறந்த நாளிலும் சேர்ந்தே வந்திருக்கிறார்கள். அவர்களைப் பிரிக்கிற துணிவு உங்களில் யாருக்கு இருக்கிறது என்று அறிய விருப்பம்.

இலங்கைக்குள் பார்த்தாலும் இதுதான் நிலைமை. சிங்கள இசைமேதை அமரதேவ பிறந்தது 1927 டிசம்பர் 5. மொசார்ட் வியன்னாவில் இறந்தது 1791 டிசம்பர் 5. மொசார்ட்டின் மறைவை மட்டும் போட்டு அமரதேவவை விட்ட கலண்டரை எந்த முகத்தோடு சிங்கள நண்பர் ஒருவருக்குக் கொடுப்பது? மடு, மன்னார்ப் பக்கத்துப் பாடகர் குழுக்களுக்கு நவம்பர் 22 பெரிய நாள். இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். கர்நாடக இசைப் பாடகர் பாலமுரளிகிருஷ்ணா 2016இல் மறைந்தது அன்றைக்குத்தான். கோயில்காரருக்கும் தேவாலயத்துக்காரருக்கும் ஒரே கட்டத்தில் ஆளுக்கொரு வரி கிடைக்கிற நாளை ஏன் கெடுக்க வேண்டும்?

வரைவின் ஓரத்தில் யாரோ பென்சிலால் "அதிசய ஒற்றுமைகள் - தனிப் பக்கம்?" என்று எழுதியிருக்கிறார்கள். அதுவும் வேண்டாம். இதில் அதிசயம் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. எழுந்தமானமாக 23 பேரைச் சேர்த்தாலே அதில் இருவருக்குப் பிறந்த நாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். அறுபது பேர் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டிவிடும். பள்ளிக்கூடத்து இடாப்பை எடுத்துப் பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கணித பாடம். இருநூறு கலைஞர்களின் பிறப்பையும் மறைவையும் போட்டால் நானூறு திகதி, கட்டமோ 366. முட்டாமல் இருக்க வழியே இல்லை. ஒரு நாளுக்கு ஒரு பெயர் என்ற விதி முதல் பக்கத்திலேயே தோற்றுப்போன விதி.

ஒருவரே தன் பிறந்த நாளில் இறப்பதும் உண்டு. ஜாஸ் வாத்தியக்காரர் சிட்னி பெஷே 1897 மே 14 பிறந்து 1959 மே 14 இறந்தார். அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசைப் பாடகர் மெர்ல் ஹாகர்ட் ஏப்ரல் 6இல் பிறந்து, 2016இல், எழுபத்தொன்பதாவது பிறந்த நாளிலேயே கண்ணை மூடினார். இவர்களுக்கு உங்கள் விதி என்ன சொல்லும்? இறந்தார், ஆனால் பிறக்கவில்லை என்றா?

சரி, மங்கலம் அமங்கலம் என்ற பேச்சுக்கு வருவோம். சைவப் பள்ளிக்கூடங்களில் குருபூசை எடுக்கிறோம். திருஞானசம்பந்தருக்கு வைகாசி மூலம். அதே வைகாசி மூலம்தான் திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும். சம்பந்தர் பாட, பக்கத்திலிருந்து யாழ் வாசித்த மனிதர். நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தரின் திருமணத்தன்று எழுந்த சோதிக்குள் மணமக்களும் யாழ்ப்பாணரும் கூடியிருந்த எல்லோரும் சேர்ந்தே போனார்கள் என்பது பெரிய புராணம். கலியாண நாளும் அதுவே, முத்தி நாளும் அதுவே, பாடினவர் நாளும் வாசித்தவர் நாளும் அதுவே. இதைவிட மங்கலமும் மறைவும் கலந்த நாள் எது? ஆயிரம் வருடத்துக்கு மேலாகச் சைவர்கள் அதைப் பிரிக்கவில்லை. பாடகரை மட்டும் வைத்துக்கொண்டு பக்கவாத்தியக்காரரை வெட்டவும் இல்லை. (கலண்டர் வரைவில் வாய்ப்பாட்டுக்காரர்கள் நிறைய, தவில்காரர்களும் மிருதங்கக்காரர்களும் மிகக் குறைவு. அதையும் ஒருதரம் பாருங்கள்.)

அப்புறம் எங்கள் வீடுகள். நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் மே மாதம் என்பது வீட்டுக்கு வீடு நினைவு நாள். ஐயர் திதி வேறு குறித்துக் கொடுத்தாலும், அந்த மாதத்துச் சாவுகளைப் பலர் இங்கிலீசுத் திகதியிலேயே நினைக்கிறார்கள். செத்த நாள் சரியாகத் தெரியாமல், கடைசியாகக் கண்ட நாளையோ பொதுவில் ஒரு நாளையோ வைத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. அதே மாதத்தில் பிள்ளைகள் பிறக்காமல் இருந்தார்களா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தம்பி செத்த திகதியிலேயே சில வருடம் கழித்து அக்காவுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. காலையில் படத்துக்கு மாலை போட்டு, அவனுக்குப் பிடித்த நண்டுக்கறி வரைக்கும் சமைத்துப் படைப்பார்கள். பின்னேரம் அதே மேசையில் கேக். கேக் பெட்டிக்கு இடம் வேண்டுமென்று படையல் தட்டைக் கொஞ்சம் அங்காலே தள்ளி வைப்பார்கள், விளக்கை அணைப்பதில்லை. பிள்ளை மெழுகுதிரியை ஊதும்போது அந்த விளக்கையும் ஊதிவிடுமோ என்று பேத்தியார் கையால் மறைத்துக்கொண்டு நிற்பார். தொடக்கத்தில், பிறந்த நாளை அடுத்த நாளுக்கு மாற்றலாமே என்று யாரோ ஒரு உறவினர் சொன்னாராம். "அவள் என்ன பிழை செய்தவள்?" என்று கேட்டுப் பேத்தியார் அந்தக் கதையை அத்தோடு முடித்துவிட்டார்.

நான் கேட்பதும் அதுதான். சௌந்தரராஜன் என்ன பிழை செய்தவர்?

மாற்றிக்கொண்டவரும் இருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. இளையராஜா பிறந்தது ஜூன் 3, 1943. அந்தத் திகதி கலைஞர் கருணாநிதியின் பிறந்த நாள் என்பதால் தன் பிறந்த நாளை ஒரு நாள் முந்தி, 2ஆம் திகதி கொண்டாடுகிறார். அது அவர் மனமுவந்து செய்த மரியாதை. தனக்கு "இசைஞானி" என்று பெயர் வைத்தவருக்குச் செய்தது. அதைக் காட்டி, மற்றவர்களின் நாளை நாம் தூக்கி வைக்கலாம் என்று யாரும் வாதாட முடியாது. இன்னொன்று, வரைவில் இளையராஜாவை 2ஆம் திகதியில் மட்டும் போட்டிருக்கிறீர்கள். பிறந்த நாள் 3, கொண்டாடுவது 2 என்று இரண்டையும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதை பிடிக்கும். அடுத்த நாளான 4ஆம் திகதி எஸ். பி. பாலசுப்பிரமணியம் பிறந்த நாள் என்று தெரிந்தால் இன்னும் பிடிக்கும்.

திகதி என்று நாம் நம்புவதே சில இடங்களில் ஆடுகிற பல்தான். தியாகராஜர் சமாதியானது ஆங்கிலக் கணக்கில் 1847 ஜனவரி 6. ஏ. ஆர். ரகுமான் பிறந்தது 1967 ஜனவரி 6. நடுவில் சரியாக 120 வருடம். அறுபதாண்டுச் சுற்று இரண்டு முடிந்து இருவருக்கும் பராபவ வருடமே வருகிறது. ஆனால் திருவையாற்றில் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமித் திதியில் நடப்பதால், அது ஜனவரி முழுக்க அலைந்து சில வருடம் பெப்ரவரிக்கும் போய்விடும். இரண்டு நாளையும் ஒரே கட்டத்தில் காண்பது ஆங்கிலக் கலண்டர்காரர் மட்டும்தான். அங்கே ஜெர்மனியில் இசையமைப்பாளர் பாக் 1685 மார்ச் 21 பிறந்தார் என்று எழுதிவைத்தது பழைய கலண்டரின்படி. இன்றைய கணக்கில் அது 31. பழைய திகதியை வைத்தால் ஷெனாய் மேதை பிஸ்மில்லா கானோடு (1916 மார்ச் 21) பிறந்த நாளைப் பங்குபோடுகிறார். புதியதை வைத்தால் அந்தப் பங்கு இல்லாமல் போகிறது. பாரதியின் மறைவைக்கூடச் செப்டம்பர் 11 என்று அனுட்டிக்கிறோம். உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, அதாவது 12ஆம் திகதி. ஆகவே ஒரு வேண்டுகோள்: எங்கெல்லாம் திதி, நட்சத்திரம் தெரிகிறதோ அங்கெல்லாம் அதையும் சின்ன எழுத்தில் போடுங்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலை ஆங்கிலத் திகதியில் கட்டிவைக்க நாம் யாரும் நினைத்ததில்லை. வைகாசி விசாகத்தை ஒட்டி அது எப்போது வருகிறதோ அப்போது போகிறோம், உப்புநீரில் விளக்கெரிவதைப் பார்க்கிறோம். கலைஞர்களுக்கும் அந்த வழக்கம் கட்டுப்படியாகும்.

மூன்றாவது விதிதான் என்னை உண்மையில் உட்கார்ந்து எழுதவைத்தது. திகதி உறுதியாகத் தெரியாதவர்களைச் சேர்ப்பதில்லை என்றால், கலண்டரில் சென்னையும் மும்பையும் வியன்னாவும் இருக்கும், முல்லைத்தீவும் கிளிநொச்சியும் இருக்காது. கோவலன் கூத்துக்கு விடியவிடிய மத்தளம் அடித்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே? கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரில் பலருக்குப் பிறந்த வருடமே "அந்தப் பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருடம்" என்பதுதான். இருந்த சான்றிதழ்களும் இடம்பெயர்வுகளில் போயின. பிறகு கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தவர்கள் எத்தனை பேர்! உத்தேசம் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டு முத்திரை குத்திக் கொடுக்கிறது. நீங்கள் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டீர்களா? உலகப் பெயர் பெற்றவர்களுக்கும் இந்தக் கதை இருக்கிறது. பேத்தோவன் எந்த நாளில் பிறந்தார் என்று பதிவே இல்லை. 1770 டிசம்பர் 17 ஞானஸ்நானம் கொடுத்த குறிப்பு மட்டும்தான். ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், தான் 1900 ஜூலை 4 பிறந்ததாகவே வாழ்நாள் முழுக்கச் சொன்னார். அவர் இறந்தபின் ஞானஸ்நானப் பதிவு அகப்பட்டு, பிறந்தது 1901 ஆகஸ்ட் 4 என்று தெரிந்தது. அவர்களை யாரும் கலண்டரிலிருந்து எடுக்கவில்லை.

எங்கள் ஆட்களின் மறைவுத் திகதியைத் தேட ஒரு வழியும் இருக்கிறது. இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்குக்கு அவர் நினைவாக அடிக்கிற கல்வெட்டுப் புத்தகங்கள். முதற்பக்கத்துப் படத்துக்கு அடுத்தாற்போல் திதி வெண்பா இருக்கும். வருடப் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, எல்லாம் நாலு வரிக்குள் அடங்கியிருக்கும். பழைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு அதை ஆங்கிலத் திகதியாக்கலாம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதி முன்பின் போகும் இடங்களில் ஒரு நாள் வித்தியாசம் வரலாம், வரட்டும். இங்கே இருந்த பிரதிகள் அழிந்திருந்தாலும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கனடாவிலோ உறவினர் வீட்டு அலுமாரியில் ஒன்று கிடக்கும். உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். ஒரு தவணைக்குள் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

கல்வெட்டும் இல்லாதவர்களுக்கு நாளைத் தேடி மல்லுக்கட்ட வேண்டாம், காலத்தைக் கொடுங்கள். அரிவி வெட்டுப் பாட்டுப் பாடியவர்களைக் காலபோக அறுவடை நடக்கிற மாசிப் பக்கத்தின் அடியில் போடலாம். கூத்துக்காரர்களை வற்றாப்பளைப் பொங்கல் வருகிற வைகாசியில் போடலாம். பெயர், ஊர், என்ன வாத்தியம், யாரிடம் பழகினார். திகதிக்குப் பதில் இது போதும்.

மே 18 கட்டத்தை வரைவில் வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். காரணம் விளங்குகிறது, அதற்காக உங்களைக் குறைசொல்ல மாட்டேன். முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி காய்ச்சுகிற நாளில் யாருடைய படத்தைப் போடுவது என்ற தயக்கம் எனக்கும் வரும். இருந்தாலும் ஒரு செய்தி: ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் 1911 மே 18 இறந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனின் துயரத்தைப் பாடும் கவிதைகளுக்கு இசையமைத்தவர் அவர். அந்தக் கட்டத்தில் ஒரு வரி எழுதலாம் என்று முடிவெடுத்தால், அந்நியப்படாத ஒரு வரி இருக்கிறது. வேண்டாமென்றால் வெறுமையாகவே இருக்கட்டும். வீட்டுக்காரர் தங்கள் ஆளின் பெயரைப் பேனையால் எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுத இடம் விட்டு, பேனை மை பிடிக்கிற தாளில் அடியுங்கள். பளபளப்புத் தாளில் பேனை வழுக்கும்.

மற்றபடி நான் கேட்பது கட்டத்துக்கு இரண்டு வரி. மார்ச் 24 இப்படி வரட்டும்: "பிறப்பு: முத்துசுவாமி தீட்சிதர் 1775, ரி. எம். சௌந்தரராஜன் 1922. மறைவு: சீர்காழி கோவிந்தராஜன் 1988." காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு ஒரு பிள்ளை இதை ஒலிவாங்கியில் வாசித்துவிட்டு, சௌந்தரராஜன், சீர்காழி இருவருடைய பாட்டிலும் ஒவ்வொரு அடி பாடினால் அன்றைய வேலை முடிந்தது. யாருக்கு வாழ்த்து, யாருக்கு அஞ்சலி என்று பிள்ளைகள் குழம்பமாட்டார்கள்.

இடம் போதாது, அச்சுச் செலவு கூடும் என்று சொல்வீர்கள். முதல் தாள் முழுக்க வாழ்த்துச் செய்திகளும் படங்களுமாக இருக்கின்றன. அதைப் பாதியாக்கினால் இடம் வந்துவிடும். வாழ்த்துச் சொல்கிறவர்கள் எல்லோரும் தைப்பொங்கலுக்குத் தனியாகவே கலண்டர் அடித்துக் கொடுக்கப்போகிறார்கள். அச்சுக்குப் போகமுன் பிழைதிருத்தப் பிரதியை வாசிகசாலையில் ஒரு கிழமை வைத்தால் நானும் இன்னும் சிலரும் வந்து பார்த்துத் தருவோம். தேநீர் மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியர் ஒருவர்,
வன்னி